கடைசி வாய் வரை காபி

"என்னடி இது, காபி கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

என் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா கேட்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ஐஸ் காபி டம்ளரை மேஜையில் கொண்டுவந்து வைத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெளிறிப்போன தண்ணீர். காபியின் நிறம் அடியில் மட்டும் இருந்தது. வெளியே வழிந்த ஈரம் மேஜையில் வட்டமாகத் தேங்கி, திருத்தி வைத்திருந்த தாளின் ஓரத்தையும் நனைத்துவிட்டிருந்தது.

நான் வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு பக்கம் முடிந்தால் ஒரு வாய். பிழை அதிகமிருந்தால் இரண்டு வாய். சூடான காபி என்றால் ஆறிவிடுமே என்று ஐந்தாறு நிமிடத்தில் குடித்து முடித்துவிடுவேன். குளிர்ந்த காபிக்கு அந்த அவசரம் கிடையாது. நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்கூடப் பக்கத்திலேயே இருக்கும். அவ்வளவு நேரமும் அது மாறிக்கொண்டே இருக்கிறது என்பதை வருஷக்கணக்கில் நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

அக்கா ஒரு மாதம் என்னோடு தங்கியிருந்தாள். அந்த மாதம் முழுக்க, குளிர் காபியில் எங்களுக்குத் தெரிந்த வகையை எல்லாம் செய்து பார்த்தோம். கடைசியில் எனக்குப் பிடிபட்ட அளவுகோல் ஒன்றுதான்: முதல் வாயை வைத்து எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதல் வாய்க்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், குளிர்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடும். ஐஸ் கரைந்து முடிந்த பிறகு அடியில் கிடக்கிற அந்தக் கடைசி வாய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அன்றைக்கு அக்கா குடித்தது, சூடான காபியை ஐஸ் மேல் ஊற்றியது. பெரும்பாலானவர்கள் தொடங்குகிற இடம் இதுதான். இது ஏன் உருப்படாது என்று ஒரு நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 மில்லி காபி 85 டிகிரியில் இருக்கிறது. அதை 5 டிகிரிக்குக் கொண்டுவர 12,000 கலோரி வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும் (இது வெப்பத்தை அளக்கிற கலோரி, உணவுக் கணக்கில் வருவது வேறு). 1 கிராம் ஐஸ் கரைய 80 கலோரி போதும். ஃப்ரீசர் குளிரையும் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட 130 கிராம் ஐஸ் கரைந்தாக வேண்டும். அதாவது காபி எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர், குடிக்கத் தொடங்கும் முன்பே உள்ளே இறங்கிவிடுகிறது. நல்ல பொடி, நல்ல கை, எல்லாம் இருந்தும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த காபி!

சரி, ஐஸ் கரையத்தான் போகிறது என்றால் அதையும் அளவில் சேர்த்துவிட்டால் என்ன? ஜப்பானிய முறை ஐஸ் காபி என்று சொல்லப்படுவது இந்த யோசனைதான். காபி இறக்குவதற்கு எடுத்துவைத்த தண்ணீரில் ஒரு பங்கைத் தண்ணீராக ஊற்றாமல், ஐஸாக அடிப் பாத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். என் அளவு: பொடி 20 கிராம், வெந்நீர் 180 மில்லி, ஐஸ் 120 கிராம். தண்ணீர் குறைவு என்பதால் பொடியை வழக்கத்தைவிட ஒரு சுற்று நைஸாக அரைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் சாரம் முழுசாக இறங்காது, புளித்த வெறும் தண்ணீர் மாதிரி வந்துவிடும்.

இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூம்பு வடிகட்டியில் முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றி நிறுத்துவேன். பொடி மெதுவாக உப்பி, நடுவில் வெடித்து, குமிழி விடும். புதிதாக வறுத்த பொடி என்றால் இந்த உப்பல் நன்றாகத் தெரியும், உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிற கோலம் அது. அரை நிமிடம் கழித்து மீதியை மூன்று தடவையாக ஊற்றுவேன். முதல் சொட்டுகள் தேன் மாதிரி கெட்டியாக, கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். சூடான சொட்டு பட்டதும் ஐஸ் கட்டி 'டக்'கென்று விரிசல் விடும். வெள்ளையாக இருந்த கட்டிக்குள் ஒரு கோடு ஓடி, அந்தக் கோட்டில் பழுப்பு இறங்கும். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கீழே வருவது 140 மில்லிதான். அது 120 கிராம் ஐஸையும் ஏறக்குறைய முழுசாகக் கரைத்துவிட்டு, சில்லென்று நிற்கும். நகக்கண் அளவில் ஓரிரண்டு துண்டு மிதந்தால் கணக்குச் சரியாக வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெந்நீர்தான் காபியின் வாசனையையும் அந்தப் பழப் புளிப்பையும் சீக்கிரம் வெளியே கொண்டுவரும். சூடாகவே விட்டால் அந்த வாசனை பாத்திரத்துக்கு வெளியே போய்விடும். உடனே குளிர்ந்தால் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். எத்தியோப்பியப் பொடி ஒன்று, லேசாக வறுத்தது, என்னிடம் கொஞ்சம் இருந்தது. சூடாகக் குடித்தபோது பூ வாசனை லேசாக வந்து போனது. இந்த முறையில் இறக்கியபோது கடைசி வாயிலும் அது இருந்தது. கறுப்புக் காபி குடிக்கிறவர்கள் வேறு எதையும் பார்க்கிறதுக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்று மனசாரச் சொல்வேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "புளிக்குதுடி" என்று முகத்தைச் சுளித்தாள். அவளுக்குக் காபி என்றால் கசப்பும் கனமும் இருக்க வேண்டும், பால் வேண்டும். வயிற்றில் எரிச்சல் வேறு. "கோல்ட் ப்ரூல அமிலமே கிடையாதாமே, அதைச் செய்யேன்" என்றாள்.

கோல்ட் ப்ரூ என்பது வெந்நீரே இல்லாமல், கொரகொரப்பான பொடியைப் பச்சைத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவிட்டு வடிப்பது. அதில் அமிலம் இல்லை என்பது அப்படியே உண்மை இல்லை. 2018-இல் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரே காபிக் கொட்டைகளைச் சூடாகவும் குளிராகவும் இறக்கி அளந்தார்கள். இரண்டிலும் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டுகிற எண்) அளவு ஏறக்குறைய ஒன்றுதான், 4.85-இலிருந்து 5.13-க்குள். ஆனால் மொத்த அமிலங்களின் அளவு சூடான காபியில் கூடுதலாக இருந்தது. நாக்குக்குக் கோல்ட் ப்ரூ வழுவழுவென்று, புளிப்புக் குறைவாகத் தெரிகிறதில் வியப்பில்லை. வயிற்றுக்கு மருந்து என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. இதை அக்காவிடம் சொன்னேன். "சரி, எரிஞ்சா விட்டுடறேன், முதல்ல செய்" என்றாள்.

முதல் தடவை பாழாய்ப் போனது. வீட்டில் இருந்த நைஸ் பொடியையே போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் வடிகட்டினால் சேறு மாதிரி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டு இறங்கவில்லை. துணியைப் பிழிந்தேன். பிழியவே கூடாது. பிழிந்தால் மாவுத் துகள் எல்லாம் காபியில் இறங்கி, துவர்ப்பும் மண் வாசனையும் வந்துவிடும். 80 கிராம் பொடி வீணானது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த தடவை, கல் உப்பை ஒன்றிரண்டாக இடித்த பதத்தில் அரைத்தேன். 80 கிராம் பொடிக்கு 640 மில்லி தண்ணீர், அகல வாய் ஜாடி. முதலில் பொடி எல்லாம் மேலே தொப்பி மாதிரி மிதக்கும். ஒரு கரண்டியால் நனைகிற வரைக்கும் மெதுவாக அமுக்கிவிட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் பதினாறு மணி நேரம். வெளியே வைத்தால் பன்னிரண்டு போதும், ஆனால் எனக்கு ஃப்ரிட்ஜில் ஊறியதன் ருசிதான் தெளிவாகப் படுகிறது. முதலில் சல்லடை, அப்புறம் இரண்டாய் மடித்த மெல்லிய பருத்தித் துணி, தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். 480 மில்லி கிடைத்தது. இது டிகாக்ஷன் மாதிரி கெட்டி. சம அளவு தண்ணீரோ பாலோ சேர்த்துத்தான் குடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாளுக்குள் முடித்துவிடுவோம். அதற்கு மேல் அட்டைப்பெட்டி வாசனை வருகிறது.

இந்தக் கெட்டிக் காபியில் ஒரு ஆபத்து உண்டு, அனுபவித்தே சொல்கிறேன். கோல்ட் ப்ரூ நாக்கில் உறைக்காது. வேலை மும்முரத்தில் ஒரு மாலை, தண்ணீர் கலக்காமல் அப்படியே ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டேன். 240 மில்லி என்றால் 40 கிராம் பொடியின் சாரம், சாதாரணமாக மூன்று நான்கு கோப்பைக்கு ஆகிறது. பச்சைத் தண்ணீரில், தூக்கத்தைத் துரத்துகிற கஃபீன் அவ்வளவாக இறங்காது என்று நினைத்திருந்தேன். அறைச் சூட்டில் இருக்கிற 100 மில்லி தண்ணீரே கிட்டத்தட்ட 2 கிராம் கஃபீனைக் கரைக்கும். ஒரு கோப்பைக் காபியில் இருப்பதோ சுமார் 100 மில்லிகிராம்தான். அவசரமில்லாமல் பதினாறு மணி நேரம் ஊறினால் வராமல் எங்கே போகும்? உடம்பில் புகுந்த கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அன்றைக்கு நெஞ்சு படபடக்க விடிகாலை நான்கு மணி வரை விழித்துக் கிடந்தேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த ஒரு டம்ளரிலேயே நான் அதன் பக்கம் போயிருப்பேன். ஜாடியின் மேல் 'பாதிக்குப் பாதி' என்று எழுதி ஒட்டிவிட்டேன். நீங்களும் ஒட்டிவிடுங்கள்.

1964-இல் டாட் சிம்சன் என்கிற வேதிப் பொறியாளர் வீட்டில் கோல்ட் ப்ரூ போடுவதற்கென்றே டாடி என்ற சாதனத்தைக் கொண்டுவந்தார். நல்ல சாதனம்தான், ஆனால் ஒரு ஜாடியும் துணியும் அதே வேலையைச் செய்யும். ஜப்பானின் கியோட்டோ நகரத்துப் பெயரைச் சொல்லி, உயரமான கண்ணாடிக் கோபுரத்தில் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்களே, அது பார்க்க அழகு. வீட்டுக்கு வேண்டாம்.

பால் பக்கம் வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. முதலில் இனிப்பு. சூடாக இருக்கும்போது ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும் என்கிறவர்கள் குளிர்ந்ததும் "சர்க்கரையே போடலையா?" என்று கேட்பார்கள். குளிர்ந்த நாக்கு இனிப்பை மங்கலாகத்தான் உணரும். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற இனிப்பு உணர்வும் கூடுகிறது. இதற்குக் காரணமான நாக்குப் புரதம் எது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். போதாததற்குச் சர்க்கரை குளிரில் கரையாமல் அடியில் மணலாகக் கிடக்கும். கடைசி வாயில் பல்லில் நறநறவென்று கடிபடும், முதல் வாய் சப்பென்று இருக்கும். அதனால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் எடுத்து, கரைகிற அளவுக்குச் சுடவைத்து ஆறவைத்த பாகு ஒரு பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

வியட்நாம்காரர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். டம்ளர் அடியில் கண்டென்ஸ்டு மில்க், அதன் மேல் ஃபின் என்கிற சின்ன உலோக வடிகட்டியிலிருந்து சொட்டுகிற, ரொபஸ்டா என்கிற கசப்புக் கூடின கொட்டையின் கெட்டியான காபி. சூடாக இருக்கும்போதே அடிவரை கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஐஸ். இனிப்பு ஏற்கெனவே முழுசாகக் கலந்துவிட்டது, ரொபஸ்டாவின் கசப்பும் கனமும் ஐஸ் தண்ணீருக்கு மசியாது. அரை மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அது காபியாகவே இருந்தது. அராபிக்கா என்கிற இன்னொரு வகைக் கொட்டையைவிட ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் லாட்டேயை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். அழுத்தம் கொடுத்துக் கொஞ்சமாய்க் கெட்டிக் காபி இறக்குகிற எஸ்ப்ரெஸோ மெஷின் எங்களிடம் இல்லை. வெளியே குடித்த வரைக்கும், இரண்டு வாய் எஸ்ப்ரெஸோவை ஒரு டம்ளர் பால் விழுங்கிவிடுகிறது, அப்புறம் ஐஸும் சேர்ந்துகொள்கிறது. வாங்குவதானால் ஐஸைக் குறைக்கச் சொல்லி, காபியை இரட்டிப்பாகக் கேளுங்கள்.

மெஷின் இல்லாத வீட்டுக்கு என் மனதைத் தொட்டது கிரேக்க ஃப்ராப்பேதான். 1957-இல் தெசலோனிக்கி சர்வதேசக் கண்காட்சியில் வேலை பார்த்த ஒருவருக்குக் காபி குடிக்க வெந்நீர் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கான சாக்லேட் பானத்தைக் குலுக்கிக் காட்ட வைத்திருந்த பாத்திரத்தில் இன்ஸ்டன்ட் காபித் தூளையும் பச்சைத் தண்ணீரையும் போட்டுக் குலுக்கினார். அவ்வளவுதான், ஒரு நாட்டுக்கே அது பானமாகிவிட்டது. இரண்டு ஸ்பூன் தூள், சர்க்கரை, மூன்று ஸ்பூன் தண்ணீர், மூடி போட்ட பாட்டிலில் அரை நிமிடம் வேகமாகக் குலுக்கினால் நுரை பாட்டில் நிறைய எழும்பி வரும். இன்ஸ்டன்ட் தூளில் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு, அதனால்தான் அந்த நுரை அமுங்காமல் நிற்கிறது. நாங்கள் ஒரு தடவை கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம், இருபத்தைந்து நிமிடம் கழித்தும் ஒரு விரல் உயர நுரை இருந்தது. இன்ஸ்டன்ட் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு முறை இதைக் குடித்துவிட்டுப் பேசட்டும்.

மிக்ஸியில் ஐஸோடு அடித்துச் செய்கிற வகை பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தே நிமிடத்தில் மேலே பனி, கீழே தண்ணீர் என்று பிரிந்துவிடும். உட்கார்ந்து உடனே குடித்து முடிக்கிறவர்களுக்கு அது சரி. நைட்ரஜன் ஏற்றிய கோல்ட் ப்ரூவும் அப்படித்தான், குழாயிலிருந்து வந்த முதல் சில நிமிடம் பட்டு மாதிரி இருக்கும். டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடாவில் எஸ்ப்ரெஸோ ஊற்றுவது எனக்கு ஒத்துவரவில்லை, இரண்டு கசப்பும் தனித்தனியாக நிற்கின்றன. எலுமிச்சை பிழிந்து குடிக்கிற மஸக்ரான் அதற்கு மாறாக என்னை அசத்திவிட்டது. 1840-இல் முற்றுகை நடந்த அல்ஜீரியக் கோட்டையின் பெயர் அது. கோல்ட் ப்ரூ, தண்ணீர், பாகு, அரை மூடி எலுமிச்சை. கரைகிற ஐஸ் இதைக் கெடுக்கவில்லை, இளக்கித்தான் விடுகிறது.

ஐஸ் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் காபிப் பொடிக்குக் கொடுக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஐஸுக்குக் கொடுப்பதில்லை. கரைந்தால் அதுவும் காபிதானே? திறந்த தட்டில் இரண்டு வாரம் கிடந்த ஐஸுக்கு ஃப்ரிட்ஜில் இருந்த எல்லா வாசனையும் ஏறியிருக்கும். மூடியுள்ள தட்டு வாங்குங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், அதே எடைக்குச் சின்னக் கட்டிகளுக்குப் பரப்பு அதிகம். இன்னொன்று, டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அது சும்மா அழகுக்கு இல்லை. வெளியே காற்றிலிருந்து 1 கிராம் ஈரம் படிந்தால், அது விடுகிற வெப்பம் உள்ளே ஏழு கிராம் ஐஸைக் கரைக்கப் போதும். என் தாள் நனைந்ததும் காபி வெளுத்ததும் ஒரே காரணத்தால். இப்போது இரட்டைச் சுவர் வைத்த ஸ்டீல் டம்ளரில் குடிக்கிறேன். வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அக்காவுக்கு அமைந்தது வேறு. மீந்த காபியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அந்தக் காபி ஐஸை ஆறேழு கட்டி டம்ளரில் போட்டு, மேலே குளிர்ந்த பாலும் கொஞ்சம் கோல்ட் ப்ரூவும் பாகும். முதல் வாய் பால் மாதிரி மென்மையாக இருக்கும். கட்டி கரையக் கரைய டம்ளருக்குள் பழுப்பு நூல் நூலாக இறங்கி, காபி கனத்துக்கொண்டே போகும். அக்கா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல கடைசிதான்டி நல்லாருக்கு" என்றாள். எரிச்சல் வரவில்லை என்றும் சொன்னாள். பால் காரணமா, அளவைக் குறைத்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. வரவில்லை என்பதே போதும்.

எனக்குக் காலை வேலைக்கு ஜப்பானிய முறை, அடுப்பு பக்கம் போக முடியாத நாளுக்கு ஜாடிக் கோல்ட் ப்ரூ. மதியம் மூன்று மணிக்கு மேல் எதுவும் இல்லை.

அக்கா போன வாரம் ஊருக்குப் போனாள். போகும்போது ஒரு ஜாடியையும், பல தடவை அலசி நன்றாகப் பதமாகிப்போன அந்தப் பருத்தித் துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதுத் துணி வாங்கி வைத்திருக்கிறேன். அதில் கஞ்சி போகிற வரைக்கும் நாலைந்து முறை கொதிக்கவைத்து அலச வேண்டும். அதுவரை தினமும் கூம்பு வடிகட்டிதான். ஐஸை நிறுத்து வைத்தாயிற்று, தண்ணீர் கொதிக்கிறது.